கதவுக்காரரின் மகள் வீட்டுச் சுவர்

சுவர் விழுந்து ஐந்து மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. டைல்ஸ் ஒன்றைக் கையில் தூக்கினாலே நெஞ்சு திக்கென்கிறது. இருபத்திரண்டு வருடமாக டைல்ஸ் ஒட்டிப் பிழைக்கிறவன் நான். நான் ஒட்டிய சுவர் ஒரு பெண்ணின் முதுகில் சரியும் என்று எவனாவது முன்பே சொல்லியிருந்தால், போய் வாயைக் கழுவிட்டு வாடா என்றிருப்பேன். விழுந்தது என் டைல்ஸ். அதற்குப் பின்னால் ஓடியது கதவுக்காரரின் குழாய். அடியில் மாட்டிக்கொண்டது அவருடைய ஒரே மகள். இதில் என் பங்கு என்னவோ அதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும்.

கதவுக்காரர் என்றதும் மரவேலை செய்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பிளம்பர். சுவருக்குள் குழாய் ஓட்டுவார்; ஓட்டிய குழாய்க்கு எங்கெல்லாம் இணைப்பு வருகிறதோ, அதற்கு நேராகச் சுவரில் ஓர் அடிக்கு ஓர் அடி ஒரு சின்னக் கதவு வைப்பார். நாளைக்குக் கசிந்தால் சுவரை உடைக்கக் கூடாது, கதவைத் திறந்து கையை விட்டுச் சரிசெய்ய வேண்டும். இது அவர் சட்டம். இணைப்பு இல்லாத இடத்தில் குழாய் ஒரே நீளமாகப் போக வேண்டும், நடுவில் ஒட்டே வரக் கூடாது. இது இரண்டாவது சட்டம். குழாய் ஒரு சாண் குறைந்தாலும் வெட்டியதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது நீளம் வாங்கி வருவார். வீட்டுக்காரர் முறைத்தாலும் சரி, பொறியாளர் கத்தினாலும் சரி, ஆள் அசையவே மாட்டார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நர்ஸ் வீட்டில் கசிவு தேடப் போயிருக்கிறார். கதவு கிடையாது, படம் கிடையாது, குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. உத்தேசமாகப் பதினொரு இடத்தில் உடைத்திருக்கிறார். பதினொன்றும் காய்ந்து கிடந்ததாம். கசிந்தது எதிர்ச்சுவர். அந்த அம்மா வேலை முடிந்து வந்து, தன் குளியலறையைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாராம். "திட்டியிருந்தா மறந்திருப்பேன் மேஸ்திரி" என்று என்னிடம் சொன்னார் கதவுக்காரர்.

எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது என்று வெளியில் பேசிக்கொள்வார்கள். பாதி உண்மை. நான் முட்டி தேய உட்கார்ந்து, கோடு பிசகாமல், ஒரு சுவரைக் கண்ணாடி மாதிரி ஒட்டி எழுப்புவேன். அவர் வந்து நட்டநடுவில் சதுரம் வரைவார். அந்தச் சதுரத்துக்கு டைல்ஸை வெட்டி, இரும்புச் சட்டத்தில் ஒட்டி, தள்ளினால் திறக்கிற மாதிரி நான்தான் செய்து தர வேண்டும். எத்தனை துல்லியமாகச் செய்தாலும் அந்த நான்கு கோடும் கண்ணை உறுத்தும். என் வேலையில் அவர் வைக்கிற தழும்பு என்று வயிறெரிவேன். ஒருமுறை அவருக்கு வயிற்று வலி வந்து டாக்டர் படம் எடுக்கச் சொன்னபோது, மனுஷனுக்கும் ஒரு கதவு வைத்திருந்தால் இந்தச் செலவு மிச்சம் என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறார். டாக்டர் சிரித்தாராம். கூடப் போயிருந்த அவர் மனைவி, எங்கள் அண்ணி, தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் சேர்ந்துதான் பிரிப்போம். அவர் டப்பாவில் பாதி எனக்கு, என்னுடையதில் பாதி அவருக்கு.

மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை ஓர் அடுக்குமாடியில் வீடு வாங்கினார். மாப்பிள்ளை அலுவலகத்தில் கணினி முன் உட்காருகிறவர், சாது. மாமனாரைக் கண்டால் எழுந்து நின்றுவிடுவார். குளியலறையில் பழைய குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக ஓட்டித் தருகிறேன், அது என் சீர் என்று கதவுக்காரர் சொல்லிவிட்டார். டைல்ஸ் மகளின் தேர்வு. நான்கு அடி நீளப் பலகைகள், ஒவ்வொன்றும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். சுவர் முழுக்க ஒரே ஒரு கொடி, கீழ் மூலையில் கிளம்பி மேல் மூலைவரை இலை இலையாகப் போகும். அப்படி ஒரு சரக்கை அதற்கு முன் நான் தொட்டதில்லை. கையில் எடுக்கும்போதே ஆசையாக இருந்தது. கொடியின் நட்டநடுவே, இடுப்பு உயரத்தில், கதவுக்காரர் சதுரம் வரைந்தார்.

மகள் வீட்டுக்காவது விட்டுக்கொடுங்கள் அண்ணே என்று கெஞ்சினேன். மகள் வீட்டில் விட்டுக்கொடுத்தால் ஊரான் வீட்டில் எந்த முகத்தோடு கேட்பேன் என்று என்னையே திருப்பிக் கேட்டார். கொடியை அறுத்துக் கதவு செய்து கொடுத்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

குடிபோன அன்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் வந்திருந்தது. கதவுக்காரர் வந்தவர்களையெல்லாம் குளியலறைக்குக் கூட்டிப் போய்க் கதவைத் திறந்து காட்டினார், மூடிக் காட்டினார், மறுபடி திறந்து காட்டினார். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தர், நகை வைக்கிற பெட்டியா என்று கேட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கதவுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மகள் சிரித்தாளா என்று நான் கவனிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். அந்தக் கதவு தனக்குப் பிடிக்கவில்லை, மூடிவிட முடியுமா, மாமாவுக்குத் தெரிய வேண்டாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு பலகை மிச்சம் இருந்தது. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரவில்லை என்ன, நான் சந்தோஷமாகத்தான் போனேன். சதுரத்துக்குள் செங்கல் துண்டுகளை அடுக்கி, கலவை போட்டு அடைத்து, முழுப் பலகையை ஒட்டினேன். கொடி ஒன்றுசேர்ந்தது. இருபது வருடத்தில் முதல் தடவையாக அவரை ஜெயித்துவிட்டேன் என்று அந்தச் சுவரின் முன் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பார்வையை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கதவுக்காரர் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. மகள்தான் மாதம் ஒரு தடவை வருவாள், குழந்தை பிறந்த பிறகு குழந்தையோடு வருவாள். அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மத்தியானம். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் மாடியில் நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மகளிடமிருந்து போன். குளியலறைக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. அதன் சுவரில் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்புகிறதாம். கதவுக்காரர் சோற்றுக் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"கதவத் திறந்து கைய விட்டுப் பாரும்மா. ஈரமா இருக்கா?"

எந்தக் கதவைத் திறப்பாள்? அங்கே கதவு எங்கே இருக்கிறது? கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்திருந்தவர் முகம் தெளிந்தது. காய்ந்துதான் இருக்கிறதாம், வெளி மழையாக இருக்கும் என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட்டார். நான் அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருஷனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அண்ணே, அந்தக் கதவை மூடியது நான்தான் என்று ஐந்து வார்த்தை. வரவில்லை.

இரண்டாவது தடவை கேட்டபோதும் பக்கத்தில் இருந்தேன். மூன்றாவது தடவை அவராகவே போன் போட்டுக் கேட்டார். அவள் ஒன்றும் சொல்லாமலே இவராகக் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்று தடவையும் காய்ந்துதான் இருந்தது. மூன்று தடவையும் என் வாய் மூடித்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நானே மறுபடி உடைத்துப் பார்த்துவிடலாம் என்று யோசித்தேன், யோசிப்போம் என்று தள்ளிப் போட்டேன். ஈரம் ஊறிய சுவரில் கலவை பிடிப்பை விட்டுவிடும், கனமான பலகை நிற்காது என்பது சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். இருபத்திரண்டு வருடத்து மேஸ்திரிக்குத் தெரியாதா?

அன்று காலை பதினொரு மணி இருக்கும். நான் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தேன். கதவுக்காரர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கி வந்தார். கையில் போன் இருந்தது, முகத்தில் ரத்தமே இல்லை.

"சுவரு விழுந்துடுச்சாம்" என்றார்.

எந்தச் சுவர் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. அறுக்கிற மிஷினை அணைத்தேன். மகள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மேலே ஏதோ விரிசல் விடுகிற சத்தம். என்னவென்று பார்க்கவில்லை, குழந்தையின் மேல் கவிழ்ந்துவிட்டாள். ஐந்து பலகை ஒன்றாகச் சரிந்து அவள் முதுகில் இறங்கியிருக்கிறது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். காய்ந்துதானே இருக்கிறது என்றாள், பிறகு எப்படி, பிறகு எப்படி. ஒவ்வொரு தடவையும் என் பிடரியில் சூடு வைத்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே வைத்துத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். வீட்டில் தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கும், வால்வை மூட வேண்டும் என்று கதவுக்காரர் கிளம்பினார். சும்மா நிற்க அவரால் முடியவில்லை. நானும் போனேன்.

அந்தக் குளியலறையை நான் எப்படிச் சொல்வேன்? கொடி தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. இலைகளின் மேல் ரத்தம். குழந்தையின் பிளாஸ்டிக் தொட்டி விளிம்பு உடைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வால்வை மூடிவிட்டு வந்த கதவுக்காரர் மொட்டைச் சுவரின் முன் நின்று இடுப்பு உயரத்தில் கையால் தேடினார். இடமும் வலமும் தேடினார். இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவர் போல உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"கதவு எங்க மேஸ்திரி?"

அதற்குள் அவர் விரல் என் செங்கல் துண்டுகளைக் கண்டுபிடித்துவிட்டது. கலவையைக் கரண்டியின் முதுகால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து முடிப்பது என் வழக்கம். வேறு எவனும் அப்படிச் செய்வதில்லை. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூடியதைச் சொன்னேன், மாப்பிள்ளை கேட்டதைச் சொன்னேன், மூன்று தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே சாப்பிட்டதைச் சொன்னேன். அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் சதுரத்துக்கு இரண்டு அடி மேலே, சுவர் இன்னும் நைந்து ஒழுகிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் கையை வைத்தார். சுட்டது போலச் சட்டென்று எடுத்துக்கொண்டார். பிறகு வா என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். சட்டையெல்லாம் ஈரம். கதவுக்காரர் நேராக அவர் முன்னால் போய் நின்றார். நான் பயந்துவிட்டேன்.

"கதவ ஏன் மூடச் சொன்னீங்க?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, தப்புதான் மாமா என்றார். திறந்திருந்த வாசல் வழியாக உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அவர விடுங்கப்பா. மூடச் சொன்னது நான்."

முதுகில் முப்பத்தொரு தையல். குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள், முகம் தலையணையில் ஒரு பக்கமாகத் திரும்பிச் சுவரைப் பார்த்திருந்தது. திரும்பக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். சின்ன வயதில் அவர்கள் வீட்டில் நான்கு கதவு, பள்ளித் தோழிகள் வந்தால் கேலியாகத் திறந்து திறந்து விளையாடுவார்களாம். குடிபோன அன்று அந்தப் பெரியம்மா கேட்டதும், எல்லோரும் சிரித்ததும், அப்பாவும் சேர்ந்து சிரித்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு சுவராவது மற்றவர்கள் வீட்டில் இருப்பது போல இருக்கட்டும் என்று புருஷனைப் பேச வைத்திருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றரை வருடமாக மனதுக்குள் என்னென்ன நினைத்து வைத்திருந்தேன்.

"மூணு தடவ கேட்டேனேம்மா" என்றார் கதவுக்காரர்.

"கேட்டீங்க. எவன் வீட்டுல சொட்டுன்னாலும் பையத் தூக்கிட்டு ஓடறீங்க. என் வீட்டுக்கு மட்டும் போன்ல கேட்டீங்க. நேர்ல வந்தா மாட்டிக்குவேன்னு பயமா இருந்துச்சு. வர மாட்டேங்கறாரேன்னு அழுகையாவும் இருந்துச்சு. அப்பா வரட்டும், வந்து நாலு திட்டு திட்டட்டும்னு ஒவ்வொரு தடவையும் நெனச்சேன். நீங்க வரல."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பேசியபோது குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"காய்ஞ்சிருக்குன்னு நீ சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சும்மா."

அவரே மேலே சொன்னார்.

"அந்தச் சுவத்துல கதவுக்கு மேல ரெண்டடி தள்ளி ஒரு ஒட்டு இருக்கு. கொழாய் ஒரு சாண் பத்தல. கடையும் மூடிட்டான். விடிஞ்சா பூசணும்னு மேஸ்திரி குதிச்சான். இந்த ஒரு தடவதானேன்னு ஒட்டுப் போட்டு மூடிட்டேன். ஒழுகினா கீழ எறங்கிக் கதவுல தெரிஞ்சிடும்னு நெனச்சேன். என் கையால போட்டது ஒழுகுறத என் கண்ணால பாக்கத் தைரியம் இல்ல. அதான் வரல. அதான் போன்லயே கேட்டேன்."

சுவர் விழுந்த சேதி கேட்டபோதுகூட எனக்கு இப்படி இல்லை. ஒரு சாணுக்காக முழு நீளத்தைத் தூக்கி எறிகிற மனுஷன், பொறியாளரையே எதிர்த்து நிற்கிற மனுஷன், பெற்ற மகள் வீட்டுச் சுவரில் ஒட்டுப் போட்டு மறைத்திருக்கிறார். அவசரப்படுத்தியது நான். அந்த மாலை எனக்கு ஞாபகம்கூட இல்லை. பூச்சுக்கு ஆள் சொல்லிவிட்டேன், ஆள் சொல்லிவிட்டேன் என்று எத்தனையோ வீடுகளில் குதித்திருக்கிறேன், அதில் இதுவும் ஒன்று. கொப்பளம் கிளம்பிய நாளிலிருந்தே எங்கே கசிகிறது என்று அவருக்குத் தெரியும். பார்க்கக் கதவு இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். மூன்று பேரும் ஆளுக்கொன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அந்தப் பலகைக்குக் கீழே ஒரு குழந்தையை உட்கார வைத்துத் தினமும் குளிப்பாட்ட விட்டிருக்கிறோம்.

அவள் எங்கள் பக்கம் திரும்ப முயன்றாள், தையல் இழுத்து முகம் சுளித்தாள், முடியவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா, அழறீங்களா?"

"இல்லம்மா" என்றார் அவர்.

அவள் மறுபடி கேட்டாள், இந்தத் தடவை அவரிடம் இல்லை.

"மேஸ்திரி மாமா, அப்பா அழறாரா?"

கதவுக்காரர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

"ஆமாம்மா" என்றேன். "அழறாரு."